வலது கையில் தைத்த பூ

ஸ்ரெல்லாவின் தையல் கடை நியூசிலாந்தின் ஒக்லண்டில், கிளென்ஃபீல்ட் மோலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், டெய்ரி எனப்படும் ஒரு மளிகைக் கடைக்கும் மீன்பொரியல் கடைக்கும் நடுவில் இருந்தது. காற்சட்டைக்குக் கால் குறைப்பது, சிப் மாற்றுவது, பள்ளிக்கூடக் கோட்டுகளுக்குச் சின்னம் தைப்பது என்று அங்கே நாளாந்தம் சில்லறை வேலைதான். மன்னாரிலிருந்து வந்த முதல் ஒன்பது வருடம் விரிப் பகுதியில் இருந்த ஒரு தொழிற்சாலையில் காவலாளிகளின் சட்டைகளுக்குத் தோள்பட்டை தைத்தாள். பிறகு சொந்தமாக இந்தக் கடையைப் போட்டாள். டொக்டர் ராஜூ கடைக்குள் வரும்வரை ஜெர்மன் இராணுவச் சின்னங்களுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

ராஜூ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், பல் மருத்துவர். 2011ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அதன் மார்பில் ஒரு கழுகுச் சின்னம் பாதி கழன்று தொங்கியது.

"இத அப்படியே பழைய மாதிரி தைச்சுக் குடுக்கணும் அக்கா. புதுசா ஓட்ட விழக்கூடாது. பழைய ஓட்டைலயே ஊசி போகணும்."

"இது ஹிட்லற்ற ஆக்கள் போட்டதோ?"

"ஆமா. நான் சேர்க்கிறேன். ஸ்டாம்ப் சேர்க்கிற மாதிரிதான், பயப்படாதீங்க லா."

ஸ்ரெல்லா பயப்படவில்லை. கழுகை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நூல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. ஒரு தையல் அரை அங்குலம், அடுத்தது அதில் பாதி, நூல் முடிந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. தையல் தெரியாத ஒருவன், அநேகமாக அந்தச் சிப்பாயே, எங்கேயோ உட்கார்ந்து தைத்தது. எழுபது வருடத்துக்கு முந்திய ஒருவனின் கை இப்படி மேசைக்கு வந்து சேர்ந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வேலைக்குப் பிறகு ராஜூ அடிக்கடி வந்தார். ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய் சேகரிப்பு அறையைக் காட்டினார். தலையில்லாத பொம்மைகள் மேலங்கி போட்டு நின்றன. கண்ணாடிப் பெட்டிகளில் கொலர்ப் பட்டைகள், தோள்பட்டைகள், கழுகுகள். முன்பக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பின்பக்கத்தைத் திருப்பினால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளாக இருந்தது. அதுதான் ஸ்ரெல்லாவைப் பிடித்துக்கொண்டது.

அவளும் சேர்க்கத் தொடங்கினாள். அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புதிதாகப் பெட்டியில் கிடந்தவை வேண்டாம். ஒரு உடையில் தைத்து, போட்டு, பிறகு வெட்டியெடுத்தவை மட்டும்தான். இரண்டாம் உலகப்போரில் இந்த நாட்டுப் படைவீரர்கள் கிரீட்டிலும் ஆபிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மன் உடைகளிலிருந்து வெட்டியெடுத்து நினைவுப்பொருளாகக் கொண்டுவந்தவை பிஸ்கற் தகரங்களில் கிடந்து, அவர்கள் இறந்ததும் கராஜ் விற்பனைகளுக்கு வந்தன. அப்படிக் கிடைத்தவற்றைப் பிளாஸ்ரிக் உறைகளில் போட்டு ஒரு கோப்பில் அடுக்கினாள், பின்பக்கம் தெரியும்படியாக. ஐந்து வருடத்தில் அறுபதுக்குமேல் சேர்ந்துவிட்டன.

அவளுடைய புருசன் டெஸ்மன் பஸ் ஓட்டுபவர். அவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"மாதா படம் தொங்குற வீட்டில இந்தச் சனியனுகளைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியே. கோயில் ஆக்கள் கண்டா என்ன சொல்லுவினம்?"

"நான் கழுகைப் பாக்கேல்ல. தைச்ச ஆளைப் பாக்கிறன்."

"தைச்ச ஆள் மட்டும் திறமோ? அதுவும் அவங்கட ஆள்தானே."

"உங்களுக்குத் தெரியும், டெஸ்மன். தெரிஞ்சுகொண்டு அப்பிடிச் சொல்லாதேங்கோ."

டெஸ்மனுக்குத் தெரியும்தான். மன்னாரில் அவளுக்கு இருபத்தொரு வயது நடந்தபோது, பக்கத்து இராணுவ முகாமிலிருந்து இரண்டு சாக்கு நிறையச் சீருடைச் சட்டைகள் வீட்டுக்கு வந்தன. கூடவே ஒரு பெட்டி நிறையத் தோள்பட்டைகள். வெள்ளிக்கிழமைக்குள் தைத்து முடிக்கவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல வழி இருக்கவில்லை. தைத்தாள். அந்தச் சட்டைகளைப் போட்டவர்கள் பிறகு எங்கே போய் என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஊரில் சிலர் அவளோடு கதைப்பதை விட்டார்கள். வாய் திறக்காமல் தைத்தவள், வாய் திறக்காமலே அந்த ஒதுக்கலையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒக்லண்ட் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில், சிறை முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் அந்த ஜெர்மன் சீருடைகளைத் தைத்தார்கள் என்று படித்தாள். அன்றைக்குக் கோப்பை எடுத்து ஒவ்வொரு உறையாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2013இல் நகரத்தின் வடகரையில் இருந்த சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை ஒரு சமூக மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். ராஜூ அவளை எல்லோருக்கும் "எனக்குத் தைத்துத் தருகிறவர்" என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சின்னத்தின் பின்பக்கத்தைப் பார்த்து அவள் ஏதாவது சொன்னால் புன்னகைத்துக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை ராஜூவிடம் போய்க் கேட்பார்கள்.

2016 மார்ச்சில் ராஜூ வேறொரு மேலங்கியோடு கடைக்கு வந்தார். சாதாரணக் காலாட்படை உடை, பழையதுதான், அசல்தான். தனியாக ஒரு பிளாஸ்ரிக் உறையில் நீள்வட்டமான ஒரு கைச்சின்னம் இருந்தது. கரும்பச்சைத் துணியில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒரு பூ, சுற்றிலும் கயிறு போல ஒரு ஓரம். எடல்வைஸ் என்று பெயர். மலை உச்சியில் பூப்பது. ஜெர்மன் மலைப்படைக்காரர் வலது கையில் போட்டது. கிரீட் தீவில் நியூசிலாந்துக்காரரோடு சண்டை போட்டவர்களில் அவர்களும் உண்டு.

"இது கைல இருந்து கழண்டுபோச்சு அக்கா. திரும்பப் போட்டுடுங்க. நூலு நானே தரேன், அந்தக் காலத்து நூலு."

ஸ்ரெல்லா மேலங்கியின் வலது கையை வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தடவினாள்.

"டொக்டர், இந்தக் கையில ஊசி போன ஒரு ஓட்டையும் இல்லையே. துணியும் ஒரே நிறமாக் கிடக்கு. சின்னம் இருந்த இடமெண்டா அடியில நிறம் போகாமல் இருக்கவேணும்."

"கொஞ்ச நாள்தான் போட்டிருப்பான். அப்புறம் கம்பளி தானா மூடிக்கும். ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க? தைங்க அக்கா." பையிலிருந்து இன்னொரு சின்ன உறையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "இந்தாங்க, இது உங்களுக்கு. நீங்க ஆசப்பட்டுக் கேட்டுட்டே இருந்தது."

சிவப்பு நூலில் தைத்த மார்புக் கழுகு அது. சாம்பல் நூல் அகப்படாமல் யாரோ கையில் கிடைத்த சிவப்பு நூலால் இழுத்துப்பிடித்துத் தைத்தது. இரண்டு வருடமாக அவள் கேட்டு, அவர் தராமல் வைத்திருந்தது.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். வேறு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த நாள் முழுவதும் வேலை அதுதான். கையின் லைனிங் மணிக்கட்டுப் பக்கம் ஏற்கெனவே பிரிந்திருந்ததால், உள்ளே கைவிட்டுத் தைக்க வசதியாக இருந்தது. சின்னம் வரவேண்டிய இடத்தில் கடுகு அளவில் ஒரு பூச்சி அரித்த ஓட்டை. அப்போது ஊசியில் தாதிமாரின் உடுப்புக்குக் கோத்த வெள்ளை நூல் இருந்தது. மேலே பூ வந்து மூடத்தானே போகிறது என்று உள்பக்கத்தால் நாலு இழை ஓட்டி அந்த ஓட்டையை அடைத்தாள். பிறகு ராஜூ தந்த நூலால் பூவைத் தைத்தாள். சின்ன வயதில் கன்னியாஸ்திரி ஒருவர் பழக்கிய வழக்கப்படி, மனசுக்குள் எண்ணிக்கொண்டே தைத்தாள். ஐம்பத்திரண்டு தையல்.

மே மாதம் கிரீட் சண்டையின் எழுபத்தைந்தாம் ஆண்டு வந்தது. சங்கம் அதையொட்டி ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சி வைத்தது. பூசை முடிந்ததும் டெஸ்மன் அவளை மண்டபத்தில் இறக்கிவிட்டுக் காரில் இருந்தார். உள்ளே வரமாட்டேன் என்றார்.

ராஜூவின் மேசை நடுவில் இருந்தது. அதே மேலங்கி ஒரு பொம்மையின்மேல். முன்னால் அச்சடித்த அட்டை: 'மலைப்படை வீரரின் மேலங்கி. கிரீட், மே 1941. சின்னங்கள் யாவும் அக்காலத் தையலுடன், கைபடாதவை.'

ஸ்ரெல்லா அட்டையை இரண்டு தரம் வாசித்தாள்.

மேசைக்கு முன்னால் ஒரு முதிய வெள்ளைக்காரப் பெண் நின்றார். பெயர் மோரீன், புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தை நடத்துகிற தொண்டர்களில் ஒருவர். அவருடைய பெரியப்பா கிரீட்டில் இறந்தவர். அந்த ஊரிலிருந்து கிரீட்டுக்குப் போனவர்களுக்காக ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கப் போகிறார்கள். அதற்காக ஊர்ச்சனம் கேக் விற்றும் ராஃபிள் குலுக்கல் நடத்தியும் காசு சேர்த்திருந்தது. ராஜூ ஒரு புறஊதா விளக்கைப் பூவின்மேல் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். போருக்குப் பிந்திய நூல் அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் நீலமாக ஒளிரும், பழைய நூல் ஒளிராது.

"பாருங்கள், ஒரு பொட்டுக்கூட ஒளிரவில்லை. இந்தத் தையலைப் பாருங்கள். இவ்வளவு ஒழுங்கு. ஜெர்மன் பட்டறை வேலை இது. இப்போது இப்படித் தைக்க ஆள் கிடையாது" என்றார் ராஜூ ஆங்கிலத்தில்.

மோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என் பெரியப்பா இந்தப் பூவைப் பார்த்திருப்பார்" என்றார் மெதுவாக.

ஸ்ரெல்லாவுக்கு முகம் சுட்டது. ராஜூவின் முழங்கையைத் தொட்டுத் தமிழில் கூப்பிட்டாள். அவர் சிரித்த முகத்தோடு இரண்டடி தள்ளி வந்தார்.

"டொக்டர், அந்த அட்டையை எடுங்கோ."

"எதுக்கு?"

"அது நான் தைச்சது."

"தெரியும். ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க."

"விளையாடாதேங்கோ. அந்த மனிசி தன்ர பெரியப்பாவை நினைச்சுக்கொண்டு நிக்குது."

ராஜூ குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். தமிழாளு தமிழாள வெள்ளக்காரன் முன்னாடி அசிங்கப்படுத்தலாமா? நாளைக்கு நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? அதோட, தைச்சது நீங்கதான? உங்க பேரும்தான் போகும். அந்தச் சிவப்பு நூலு, சும்மாவா குடுத்தேன்னு நினச்சீங்க?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மார்ச்சிலேயே விளங்கியிருக்கவேண்டும். விளங்காததுபோல் இருந்துவிட்டாள்.

"என்ர பேர் போகட்டும்" என்றாள். திரும்பி மேசைக்குப் போனாள்.

"மன்னிக்கவேண்டும்" என்றாள் மோரீனிடம், மண்டபம் கேட்கும்படியான ஆங்கிலத்தில். "இந்தப் பூவை ஜெர்மனியில் யாரும் தைக்கவில்லை. கிளென்ஃபீல்டில், போன மார்ச் மாதம், நான் தைத்தேன்."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. சங்கத்தலைவர் கீத், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தேநீர்க் கோப்பையோடு வந்தார். ராஜூ தலையை ஆட்டிச் சிரித்தார்.

"இவர் எனக்குத் தைத்துத் தருகிறவர். எத்தனையோ மேலங்கி தைத்திருக்கிறார், எது எது என்று குழம்பிவிட்டார். பாவம்."

"ஸ்ரெல்லா, தேநீர் குடியுங்கள், பிறகு பேசலாம்" என்றார் கீத், ஒரு பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல.

"தேநீர் வேண்டாம், கீத். ஒரு கடதாசி தாருங்கள்."

அவர் தயங்கினார். மோரீன் தன் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். ஸ்ரெல்லா மேசையின் மூலையில் வைத்து எழுதினாள். எழுதியதை மடித்து மோரீனின் கையில் கொடுத்தாள்.

"மூன்று விடயம் எழுதியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு தையல். கடைசியில் முடிச்சு இல்லை, மூன்று பின்தையல். பூவுக்கு அடியில் உள்பக்கமாக ஒரு சின்ன ஓட்டையை வெள்ளை நூலால் அடைத்திருக்கிறது, அது இந்த விளக்கில் ஒளிரும். கையின் லைனிங் மணிக்கட்டில் பிரிந்து கிடக்கிறது. அதற்குள்ளால் துணியை வெளியே இழுத்துப் பாருங்கள்."

"யாரும் அதைத் தொடக்கூடாது" என்றார் ராஜூ. இப்போது சிரிப்பு இல்லை. "எழுபத்தைந்து வருடப் பொருள். கிழிந்தால் யார் பொறுப்பு?"

"நான் வாங்குவதாக இருந்தால் உள்ளேயும் பார்க்கத்தானே வேண்டும்?" என்றார் மோரீன்.

"இது நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம்."

"அப்படியானால் எனக்கு வேண்டாம்."

கீத் கோப்பையை வைத்தார். சுற்றிலும் இருபது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை கண்ணும் ராஜூவின்மேல் இருந்தது. மறுக்கமுடியாத இடத்துக்கு அவர் வந்துவிட்டார். கீத்தே மேலங்கியைப் பொம்மையிலிருந்து கழற்றினார், லைனிங்குக்குள் கைவிட்டு வலது கையின் துணியை மெல்ல வெளியே இழுத்தார். விளக்கைப் பிடித்தார்.

நடுவில் கடுகு அளவில் ஒரு புள்ளி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது.

மோரீன் உதட்டை அசைத்துத் தையல்களை எண்ணினார். நேரம் எடுத்து, ஒரு முறை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "ஐம்பத்திரண்டு" என்றார்.

"ரெஸ்டோரேஷன்தானே" என்றார் ராஜூ. "எல்லோரும் செய்வதுதான். அட்டையில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன்."

"கழன்றதைத் திரும்பத் தைப்பது அது" என்றாள் ஸ்ரெல்லா. "இந்தக் கையில் இதற்கு முன்னால் ஊசி போன ஒரு ஓட்டையும் இருக்கவில்லை. அதை நான் அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். சொல்லியும் தைத்தேன். அது என் பிழை. இதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள், என் பிழையும் இதில் இருக்கிறது."

வெளியே வந்து காரில் ஏறினாள். டெஸ்மன் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

சொன்னாள். அவர் காரைத் துறைமுகப் பாலத்தின் பக்கம் திருப்பினார். நகரத்தில் டெஸ்மனின் தமக்கை வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இனி உன்னை அங்க சேர்க்கமாட்டாங்கள்" என்றார் பாலத்தில் ஏறும்போது.

"பாப்பம்."

இரண்டு வாரத்தில் கீத்தின் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். அன்றைக்கு நடந்தது வருத்தத்துக்குரிய ஒரு தவறான புரிதல், சங்கத்தின் அமைதியைக் கருதிச் சில மாதம் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தது. ராஜூவுக்கும் அப்படி ஒரு கடிதம் போனதா என்று விசாரித்தாள். போகவில்லை.

டெஸ்மன் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் அடித்தார். "விசரன்கள். ஏமாத்தினவன் உள்ளுக்கை, சொன்னவள் வெளியிலையோ?"

"உங்களுக்குத்தானே அந்தச் சனியனுகள் பிடிக்காது."

"அது பிடிக்காதுதான். இது வேற கதை. எப்ப கூட்டம்?"

"வாற செவ்வாய்."

"நான் கொண்டுபோய் விடுறன்."

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. ராஜூ முன்வரிசையில் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரெல்லா எழுந்துபோய்ச் சிவப்பு நூல் கழுகை உறையோடு அவருக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். அவளிடம் இருந்தவற்றில் அவளுக்கு மிகப் பிடித்தது அதுதான். கீத் இடைவேளையில் வந்து, "என் கடிதம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.

"கிடைத்தது. நான் சந்தா கட்டிய உறுப்பினர். என்னை நீக்குவதென்றால் கூட்டத்தில் எழுந்து காரணத்தைச் சொல்லி நீக்குங்கள்."

கூட்டத்தில் கீத் அப்படி ஒன்றையும் கொண்டுவரவில்லை. ஸ்ரெல்லா அடுத்த மாதமும் வந்தாள், அதற்கடுத்த மாதமும்.

இடையில் மோரீன் தொலைபேசியில் கூப்பிட்டார். அருங்காட்சியகக் குழுவில் சிலர் நம்பவில்லை, நேரில் வந்து சொல்லமுடியுமா என்றார். ஸ்ரெல்லா கடையைப் பூட்டிவிட்டுப் புக்கெகோஹிக்குப் போனாள். ஒன்பது பேர் நீள மேசையில் இருந்தார்கள். வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"அன்றைக்கு நீ அந்த அட்டையை வாசிக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு இது தெரிந்திருக்குமா?"

"இல்லை" என்றாள் ஸ்ரெல்லா.

"மார்ச்சிலேயே சந்தேகப்பட்டாய். பேசாமல் இருந்தாய்."

"ஓம், இருந்தேன். எனக்கு ஒரு பரிசு கிடைத்தது, வாயை மூடிக்கொண்டேன். முன்னொரு காலத்திலும் வாயை மூடிக்கொண்டு தைத்திருக்கிறேன், அப்போது துவக்குத் தூக்கிய இராணுவத்துக்குப் பயந்து. இந்தத் தடவை ஒருவரும் என்னைப் பயமுறுத்தவில்லை. அதனால் இது அதைவிட மோசம். உங்களுக்கு என்மேல் கோபம் என்றால் கோபப்படுங்கள். ஆனால் நான் சொன்னது உண்மை."

அந்த மனிதர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஆனாலும் மேலங்கியை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அலுமாரியில் ஊர்ப் பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வைத்தார்கள்.

ஓகஸ்ட் மாதம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ராஜூ கடைக்கு வந்தார். மேலங்கி ஒரு பையில் இருந்தது. கதை இணையம் வழியாகப் பரவி, யாரும் அதைத் தொட விரும்பவில்லை.

"பிரிச்சுக் குடுங்க" என்றார். "பூ தனி, கோட் தனி. ரெண்டும் ஒரிஜினல்தான். அதுல ஒன்னும் தப்பு இல்லயே."

"இல்லை. இருங்கோ."

அவர் முன்னாலேயே பிரித்தாள். கூர்க்கத்தியின் நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலைச் சின்னக் கவ்வியால் இழுத்தெடுத்தாள். ராஜூ நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அஞ்சு வருஷம் பழகியிருக்கோம் அக்கா. அத்தன பேர் முன்னாடி எனக்கு இப்படிப் பண்ணிட்டீங்களே. என்கிட்ட தனியா வந்து கேட்டிருக்கலாம்."

"தனியாத்தான் முதல் கேட்டன், டொக்டர். நீங்கள் சிவப்பு நூலைப் பற்றிக் கதைச்சியள்."

கடைசித் தையலும் வந்தது. பூவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு மேலங்கியின் கையைத் தட்டி வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெறும் துணியாக இருந்த இடத்தில் இப்போது ஐம்பத்திரண்டு தையலின் ஓட்டைகள் நீள்வட்டமாக நின்றன. மார்ச்சில் இந்தக் கை பொய் சொல்லவில்லை. இனிமேல் யார் பார்த்தாலும் இங்கே ஒரு எடல்வைஸ் இருந்தது, யாரோ வெட்டியெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். வேறொருவன் வேறொரு பூவைக் கொண்டுவந்து அதே ஓட்டைகளில் தைப்பான். அவளே அதற்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ராஜூவும் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய கண்ணில் ஒரு கணம் தெரிந்த கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, அளவுநாடாவை எடுத்தாள். தோள் மடிப்பிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று குறித்தாள். கைபேசியால் கையையும், உள்ளே மை முத்திரை இருந்த லைனிங்கையும் படம் எடுத்தாள்.

"என்ன பண்றீங்க? இது என் பொருளு."

"கோட் உங்கட. ஓட்டை என்ர."

"இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"எழுதப்போறன்."

ராஜூ மேலங்கியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை. அவர் சொல்லி வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் பலரும் வரவில்லை.

ஸ்ரெல்லா ஒரு பக்கத்தில் எழுதினாள். அளவுகள், முத்திரை எண், படங்கள். இந்தக் கையில் 2016க்கு முன் எந்தச் சின்னமும் தைக்கப்படவில்லை, தைத்ததும் பிரித்ததும் நான்தான் என்று தன் முழுப்பெயரையும் கடை முகவரியையும் போட்டாள். சங்கத்தின் இதழுக்கு அனுப்பினாள். இடமில்லை என்று கீத் பதில் எழுதினார். அடுத்த இதழுக்கும் அனுப்பினாள். அதிலும் இடமில்லை.

நவம்பரில் அடுத்த கண்காட்சி வந்தது. ஸ்ரெல்லா அந்தப் பக்கத்தை நூறு பிரதி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். டெஸ்மனும் இந்தத் தடவை காரைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். கழுகுகளைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார், ஆனால் பிரதிகளில் பாதியை வாங்கிக்கொண்டார். மேசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார்கள். சிலர் பார்க்காமலே கவிழ்த்து வைத்தார்கள். ஹமில்டனிலிருந்து வந்திருந்த ஒருவர் நின்று வாசித்துவிட்டு, தன் நண்பருக்கு இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கீத் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். "ஸ்ரெல்லா, தயவுசெய்து. இது இடமல்ல."

"வேறு இடம் நீங்கள் தரவில்லையே" என்றாள்.

அவர் எடுத்த மேசையில் மறுபடியும் ஒன்றை வைத்தாள். கீத் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். பிறகு அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நடந்துபோனார். ஸ்ரெல்லா அந்தக் கட்டையும் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த வரிசைக்குப் போனாள். ராஜூவின் மேசை அந்த வரிசையில்தான் இருந்தது.